மாதம் ஒரு கச்சேரி: சின்ன ஊர் சபாவுக்கு வெளியூர் வித்வான்களை அழைக்கும்போது கவனிக்க வேண்டியவை

காவேரிக்கரை எழுதியது:
வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாதம் ஒரு கர்நாடக சங்கீதக் கச்சேரி, வருடத்துக்குப் பத்து என்று திட்டம். 150 நாற்காலி, ஏசி உண்டு, மேடை கான்கிரீட். பாடகர்களும் பக்கவாத்தியக்காரர்களும் பெரும்பாலும் சென்னையிலிருந்து வருவார்கள். தேதி வைப்பது, ஒலி, பக்கவாத்தியம், கணக்கு வழக்கு எதிலும் முன் அனுபவம் இல்லாத குழு. எங்கே தவறு நடக்கும், ஏன் நடக்கும் என்று தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நிரவல் எழுதியது:
முதலில் தேதி. டிசம்பர் 15-லிருந்து ஜனவரி முதல் தேதி வரை மார்கழி இசை சீசன், சென்னையை விட்டு யாரும் நகர மாட்டார்கள். அதை ஒட்டி புஷ்ய பகுள பஞ்சமியில் திருவையாறு ஆராதனை. உங்கள் ஊருக்கு இது வசதியும்கூட: திருவையாற்றுக்கு வருகிறவரிடம் முந்தின நாளோ மறுநாளோ ஒரு கச்சேரி கேட்டால் பயணச் செலவில் பாதி குறையும். ஆனால் அந்த வாரம் அவர்கள் தொண்டைக்கு ஓய்வே இருக்காது, அதனால் முந்தின நாளை விட மறுநாள் நல்லது. ஈஸ்டரை ஒட்டி கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனை. 1978-லிருந்து நடக்கிறது, அதற்குப் போகிறவர்கள் பலர் அப்படியே அமெரிக்கச் சுற்றுப்பயணம் முடித்துத்தான் திரும்புவார்கள். நவராத்திரியும் நிரம்பி வழியும். பிப்ரவரி, மார்ச், ஆகஸ்ட் மூன்றும் சின்ன சபாக்களுக்கு நல்ல மாதங்கள்.

பிரதான கலைஞரை ஆறு மாதம் முன்னால் உறுதி செய்யுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்தான். 2024 நவம்பர் வரை 120 நாள் இருந்தது, அந்தப் பழைய ஞாபகத்தில் இன்னும் திட்டம் போடுகிறவர்கள் உண்டு. போக, வர இரண்டுக்கும் அந்தந்தப் பயணத் தேதிக்கு அறுபது நாள் முன்னால் காலையிலேயே உழவன் எக்ஸ்பிரஸில் போட்டுவிடுங்கள். நாலு பேர் என்றால் எட்டு டிக்கெட். மிருதங்க வித்வானுக்கும் கட வித்வானுக்கும் கீழ்ப் படுக்கை கட்டாயம். மிருதங்கம் இரண்டு வந்தால் இருக்கைக்கு அடியில் அவைதான் இருக்கும், பெட்டிக்கு இடம் இருக்காது.

பக்கவாத்தியத்தை நீங்களாக முடிவு செய்துவிட்டுப் பாடகருக்குத் தகவல் சொல்லாதீர்கள். 'யார் வாசித்தால் உங்களுக்குச் சௌகரியம்' என்று கேட்டு மூன்று பெயர் வாங்கி, அதிலிருந்து யார் கிடைக்கிறார்களோ அவரைப் போடுங்கள். யாரையும் தெரியாத நிலையில் அகில இந்திய வானொலியின் தர வரிசையைப் பாருங்கள்: பி, பி-ஹை, ஏ, ஏ-டாப். அது முழு அளவுகோல் இல்லை, இருந்தாலும் அழைப்பிதழில் பெயர் போடும் வரிசையில் சங்கடம் வராமல் காப்பாற்றும்.

ஒப்புக்கொண்ட அன்றைக்கே பாடகரின் சுருதி (எந்த உயரத்தில் பாடுவார்) என்ன என்று கேட்டு, பக்கவாத்தியக்காரர் எல்லோருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். எந்தச் செய்தி மறந்தாலும் இது மறக்கக்கூடாது.

தொப்பி எழுதியது:
நிரவல் சார் கடைசியில் சொன்னதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். சுருதியைக் கட்டை என்ற அளவில் சொல்வார்கள். ஆண் பாடகர் பெரும்பாலும் 1 கட்டையிலிருந்து 2 கட்டைக்குள் இருப்பார். பெண் பாடகர் 4½-லிருந்து 6-க்குள். இரண்டுக்கும் ஒரே மிருதங்கம் ஆகாது. தக்கு (தாழ்ந்த) சுருதிக்கு 24 அங்குலம், ஹெச்சு (உயர்ந்த) சுருதிக்கு 22 அங்குல மிருதங்கம். வித்வான் தவறானதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் வாரை இழுத்தும், புல் சொருகியும் அரைக் கட்டை ஏற்றலாம், அதற்கு மேல் போனால் தோல் கிழியும், நாதமும் கெட்டுவிடும். கடம் இன்னும் கஷ்டம். சுட்ட மண்ணை ஏற்றவே முடியாது. உள்ளே களிமண் ஒட்டிக் கொஞ்சம் இறக்கலாம், அவ்வளவுதான். மானாமதுரைக் கடம் என்றால் கனமும் அதிகம், ஒவ்வொரு சுருதிக்கும் ஒன்று என்று நாலைந்து சுமந்து வர முடியாது. அதனால் சுருதி முன்னமே தெரிந்தே ஆக வேண்டும்.

இப்போது உங்கள் ஏசி. தோல் வாத்தியத்துக்கு ஈரம் ஏறினால் சுருதி இறங்கும், காய்ந்தால் ஏறும். கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பே ஏசியை 24-25 டிகிரியில் போட்டு, மங்களம் முடியும் வரை அதைத் தொடாதீர்கள். வாசலில் வெக்கையில் சுருதி சேர்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தால் முதல் வர்ணத்துக்குள்ளேயே வலந்தலை (மிருதங்கத்தின் வலப்பக்கத் தோல்) சுருதி ஏறிவிடும். பாதியில் யாராவது 'குளிருது' என்று ஏசியை அணைத்தால் கூட்டத்தின் மூச்சு ஈரத்தில் மறுபடி இறங்கும். ஏசி காற்று நேராக மேடையில் விழும் துவாரம் இருந்தால் அட்டை வைத்துத் திருப்பி விடுங்கள். கையில் பிடித்துத் தட்டும் சின்னத் தோல் வாத்தியமான கஞ்சிராதான் முதலில் பாதிக்கப்படும். தோலின் உள்பக்கம் தண்ணீர் தடவித்தான் சுருதியை இறக்குகிறார்கள், காற்று பட்டால் பத்து நிமிஷத்தில் காய்ந்து 'டங் டங்' என்று ஆகிவிடும். (பழைய கஞ்சிராக்களில் இருக்கும் உடும்புத் தோல் 1972 வனவிலங்குச் சட்டத்தில் வருவது. வெளியூர்க் கலைஞருக்கு நினைவுப் பரிசாக 'நல்ல பழைய கஞ்சிரா' தேடித் தருகிறேன் என்று யாராவது ஆர்வத்தில் கிளம்பினால் தடுத்துவிடுங்கள். ஆட்டுத் தோலில் அருமையான கஞ்சிரா கிடைக்கிறது.)

அடுத்தது ரவை. வித்வான் வந்ததும் கேட்பது ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு சின்னக் கைப்பிடி மெல்லிய ரவை, ஒரு பழைய துணி. முதலில் மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியை ஈரத்துணியால் ஒற்றி ஊற விடுவார். ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, விரலில் ஒட்டாமல் தோலில் ஒட்டும் பதம் வந்ததும் நடுவில் வட்டமாக அப்பி, வலந்தலையின் ஸட்ஜத்துக்கு ('ஸ' ஸ்வரம்) ஒரு ஸ்தாயி கீழே நிற்கிறதா என்று தட்டிப் பார்ப்பார். நிற்காவிட்டால் ஒரு சிட்டிகை கூட்டுவார், குறைப்பார். தண்ணீர் அதிகமானால் வாசிக்கும்போது வழுக்கி வரும். குறைந்தால் முக்கால் மணி நேரத்தில் ஓரம் வெடித்துப் பெயரும், 'தொம்' என்பது 'தட்' ஆகிவிடும். அதனால்தான் அந்தக் கிண்ணமும் துணியும் கச்சேரி முழுக்க அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மேடையைச் சுத்தம் செய்கிறேன் என்று தன்னார்வலர் அதை எடுத்துக்கொண்டு போவது எல்லா ஊரிலும் நடக்கிறது. ரவைக்குப் பதில் கழற்றத் தேவையில்லாத பசையை ஒட்டி வருகிறவர்களும் இப்போது இருக்கிறார்கள், ஆனாலும் ரவை வாங்கி வையுங்கள். சாயங்காலம் ஆறரை மணிக்கு மளிகைக் கடைக்கு ஆள் அனுப்ப வேண்டாம்.

உட்காரும் இடம்: பாடகருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். அப்போதுதான் வலந்தலை சபையைப் பார்க்கும். இடக்கை வித்வான் வந்தால் இடம் மாற வேண்டும், பழனி சுப்பிரமணிய பிள்ளை காலத்தில் இதற்கே தகராறு நடந்திருக்கிறது. முன்கூட்டியே கேட்டு வயலின் வித்வானிடமும் சொல்லிவிட்டால் மேடையில் மைக்கைப் பிடுங்கி நடும் அமளி இருக்காது.

மிக்ஸர்மேசை எழுதியது:
கல்யாண மண்டபம் என்றால் முதல் எதிரி எதிரொலிதான். காலி மண்டபத்தில் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டின சத்தம் வாலாக நீண்டு கேட்டால், பின் சுவரில் கனமான திரை கட்டுங்கள். நிறைய மடிப்பு விட்டுக் கட்ட வேண்டும், இழுத்துக் கட்டினால் பயன் இல்லை. டைல்ஸ் தரையில் முன்வரிசைக்கு முன்னால் ஜமக்காளம். பவானி ஜமக்காளம் இரண்டு அடுக்காக மேடையிலும்.

உங்கள் மேடை கான்கிரீட் என்பது நல்ல செய்தி. இன்னும் உயரம் வேண்டுமென்று வாடகைக்குப் பலகை மேடை போட்டால் உள்ளே வெற்றிடம், தொப்பியின் ஒவ்வொரு அடிக்கும் பெட்டி மாதிரி அதிரும். அது மைக் ஸ்டாண்டின் கால் வழியாகப் பாடகர் மைக்கில் ஏறும். தவிர்க்க முடியாவிட்டால் ஸ்டாண்டின் அடியில் ரப்பர் துண்டோ நாலாக மடித்த கம்பளமோ வையுங்கள். இடம் 12 அடிக்கு 8 அடி குறைந்தபட்சம்.

மைக் ஐந்து போதும்: பாடகர், வயலின், மிருதங்கத்துக்கு இரண்டு, உபபக்கவாத்தியம் (கடம் அல்லது கஞ்சிரா) ஒன்று. குரலுக்கு ஷூர் எஸ்எம் 58, மற்றவற்றுக்கு எஸ்எம் 57 என்றால் ஊரில் யாரிடமும் கிடைக்கும், கெட்டுப்போகாது. நுணுக்கமான சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் வயலினுக்கு அழகாக இருக்கும், ஆனால் மானிட்டர் (கலைஞர்கள் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) சத்தமாக வைக்கும் மேடையில் கூவும். வயலின் மைக் பாலத்துக்கு மேலே ஒரு அடி தள்ளி. இன்னும் கிட்டே கொண்டுபோனால் வில்லின் உரசல்தான் கேட்கும். கடத்துக்கு மைக் வாய்க்கு நேராக வேண்டாம், வித்வான் கடத்தின் வாயை வயிற்றில் வைத்துத் திறந்து மூடும்போது காற்று மைக்கில் அடிக்கும். கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். அதையே தொப்பி மைக்கிலும் செய்துவிட்டு 'மிருதங்கம் ஏன் தகர டப்பா மாதிரி இருக்கு' என்று தேடுவார்கள். மிருதங்கத்துக்கு எக்கோ, ரிவெர்ப் ஒரு துளியும் வேண்டாம். வேகமான சொற்கள் ஒன்றோடு ஒன்று குழைந்துவிடும்.

மானிட்டரில் பாடகருக்கு முதலில் வேண்டியது தம்புரா, அப்புறம்தான் தன் குரல். இதைத் தலைகீழாகச் செய்தால் அவர் 'கொஞ்சம் ஏத்துங்க' என்பார், அடுத்து வயலின் கேட்பார், அடுத்து மிருதங்கம். அரை மணியில் மேடையின் சத்தம் சபையின் சத்தத்தை மிஞ்சிவிடும், கூவல் ஆரம்பிக்கும். யாராவது ஏற்றச் சொன்னால் மற்ற ஏதாவது ஒன்றைக் குறைத்துக் காட்டுங்கள். பத்தில் ஏழு தடவை அதுவே போதும். எஸ்எம் 58-க்கு நேர் பின்னால்தான் காது மந்தம், மானிட்டரை அங்கே வையுங்கள். சூப்பர்கார்டியாய்ட் மைக் என்றால் நேர் பின்னால் இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில்.

ஒலிக்கும் அலங்கார விளக்குக்கும் ஒரே மின் இணைப்பு எடுத்தால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வரும், அது தம்புராவின் சுருதியோடு மோதும். தனி இணைப்பு, ஒழுங்கான எர்த். டிஜிட்டல் மிக்ஸர் என்றால் அதற்கு மட்டுமாவது யூபிஎஸ் கொடுங்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் வருவதற்குள் மிக்ஸர் அணைந்து மறுபடி எழ ஒரு நிமிஷம் ஆகும், ஆலாபனை நடுவில் அந்த ஒரு நிமிஷம் மிக நீளமானது.

சவுண்ட் செக் 30 நிமிஷம். சபை உள்ளே வருவதற்கு முன்.

ஐந்தரைக்கட்டை எழுதியது:
150 பேருக்கு ஐந்து மைக்கா? மன்னிக்கணும், அடிப்படையிலேயே மாற்றிச் சிந்திக்கலாம். பாலக்காடு மணி ஐயர் மைக் இல்லாத கச்சேரிக்காக எவ்வளவு வற்புறுத்தினார். மைக் இல்லாவிட்டால் பாடகர் முழுக்குரலில் பாடுகிறார், மிருதங்கம் தானாக அடங்கி வாசிக்கிறது, சபையும் வாயை மூடுகிறது. தம்புராவும் நிஜமாகக் கேட்கும். மாதம் ஒன்று என்றால் நாலு மாதத்துக்கு ஒருமுறையாவது செய்து பாருங்கள்.

மிக்ஸர்மேசை எழுதியது:
மேடம், ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் நிபந்தனையோடு. ஏசியின் இரைச்சல், சாலை, சமையற்கட்டு மூன்றும் அடங்கின இடம் வேண்டும். பார்வையாளர் 60-70 பேர், கடைசி வரிசை மேடையிலிருந்து 30 அடிக்குள். முக்கியமாக, கலைஞர்களிடம் முன்பே சொல்ல வேண்டும். மைக்குக்கே பழகின இளம் பாடகர் திடீரென்று இல்லாமல் பாடினால் ஒரு மணி நேரத்தில் தொண்டையை இறுக்கிக்கொள்வார். ஒன்றரை மணி நேரக் கச்சேரியாக வையுங்கள்.

ஐந்தரைக்கட்டை எழுதியது:
ஒன்றரை மணி நேரம் சரியான யோசனை. கூடவே இன்னொன்று: அன்றைக்காவது மின்தம்புராவை விட்டு நிஜத் தம்புராவும் அதை மீட்ட ஆளும் ஏற்பாடு செய்யுங்கள். பக்கத்து ஊர் இசைப் பள்ளி மாணவரைக் கூப்பிடலாம், ஆனால் அவருக்கும் சன்மானம் உண்டு, அழைப்பிதழில் பெயரும் உண்டு. தம்புராவின் நாலு தந்தியும் பஞ்சமம், இரண்டு ஸட்ஜம், மந்திர (கீழ் ஸ்தாயி) ஸட்ஜம் என்று சேரணும். பாலத்தின் மேல் தந்திக்கு அடியில் ஜீவா நூல் இருக்கும், அதை மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்தும்போது ஒரு இடத்தில் தந்தி திடீரென்று ரீங்காரமிட்டுத் திறக்கும். அங்கேயே விடணும். நூல் அழுக்கேறிப் பிசுபிசுத்திருந்தால் எவ்வளவு நகர்த்தினாலும் திறக்காது. பருத்தி நூலைப் புதிதாக மாற்றுங்கள், ஒரு ரூபாய்க் காரியம்.

சபாக்கணக்கு எழுதியது:
பணம் பற்றி யாரும் தொடவில்லை. சங்கத்தை 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்து, தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். கலைஞருக்குத் தருவது தொழில்முறைக் கட்டணம், 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி). ஒரே கலைஞருக்கு ஒரு நிதியாண்டில் தரும் தொகைக்கான வரம்பு 2025 ஏப்ரல் முதல் 30,000-லிருந்து 50,000 ரூபாயாக உயர்ந்தது. அதனால் சின்ன சபாவின் பெரும்பாலான கச்சேரிகளில் பிடித்தம் வராது, வந்தால் முன்கூட்டியே பேசிவிடுங்கள். 'கையில் இவ்வளவு வரும்' என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுக் குறைத்துக் கொடுப்பதுதான் மனக்கசப்பு. சாஸ்திரிய சங்கீதக் கலைஞரின் சன்மானம் 1.5 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி விலக்கு உண்டு. நுழைவுக் கட்டணம் ஒருவருக்கு 500 ரூபாய் வரை அதற்கும் விலக்கு உண்டு.

சன்மானத்தை நாலு பேருக்கும் நாலு தனி உறையில் அல்லது தனித்தனி வங்கிப் பரிமாற்றமாகக் கொடுங்கள். பாடகரிடம் மொத்தமாகக் கொடுத்து 'நீங்களே பிரிச்சுக்குங்க' என்பது பக்கவாத்தியக்காரருக்கு நியாயம் செய்யாத பழக்கம். கச்சேரி முடிந்த அன்றிரவே கொடுத்துவிடணும்.

யூடியூபில் நேரலை என்றால் எல்லாக் கலைஞரிடமும் எழுத்தில் சம்மதம் வேண்டும். நிகழ்த்துபவர் உரிமை பாடகருக்கு மட்டுமில்லை, கஞ்சிராக்காரருக்கும் உண்டு. தியாகராஜர் 1847-இல் மறைந்தவர், அவர் கிருதிகளுக்கு எந்தத் தடையும் இல்லை. பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தார், 60 வருடக் கணக்கில் 2033 முடிய அவர் பாடல்களுக்குப் பதிப்புரிமை இருக்கிறது. காணொளி போடும்போது இதை நினைவில் வையுங்கள்.

நிரவல் எழுதியது:
ஒலிக்கு ஆகும் செலவு பார்த்து மிரள வேண்டாம். பேனரையும் பூ அலங்காரத்தையும் பாதியாகக் குறைத்தால் நல்ல ஒலிக்காரர் கிடைப்பார். சபை திரும்ப வருவது காதுக்காகத்தான்.

பாராட்டு விழாவைப் பற்றி ஒரு வார்த்தை. சிறப்பு விருந்தினர் பேச்சைத் தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) முடிந்ததும் வைப்பது வழக்கமாகிவிட்டது, ஏனென்றால் அப்போது கூட்டம் முழுசாக இருக்கும். பிரதான உருப்படி, தனி என்று கச்சேரி உச்சத்தில் இருக்கும் இடம் அது. பாடகர் தனியின்போது ஏற்கெனவே 15-20 நிமிஷம் பாடாமல் இருந்திருக்கிறார். அதற்கு மேல் பத்து நிமிஷம் பேச்சு என்றால் தொண்டை ஆறிவிடும், விருத்தத்தில் மேல் ஸ்தாயி பிசிறும். ஆரம்பத்திலேயே ஐந்து நிமிஷத்தில் முடியுங்கள்.

சபாக்கணக்கு எழுதியது:
ஆரம்பத்தில் வைத்தால் நன்கொடையாளர் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசுவார், அடுத்த வருடம் தர மாட்டார். நடைமுறை அப்படி இருக்கிறது.

நிரவல் எழுதியது:
அப்படியானால் தனிக்குப் பிறகு மூன்றே நிமிஷம்: பொன்னாடை, ஒரு வரி நன்றி, பேச்சு இல்லை. மேடையில் ஏறுகிறவர் பாடகருக்குப் பின்பக்கமாக வர வேண்டும், மிருதங்கத்தைத் தாண்டி வரக்கூடாது. நன்கொடையாளர் பெயரை அழைப்பிதழின் மேலே பெரிதாகப் போடுங்கள், அவர் மனசு நிறையும். இன்னொன்று, தனி ஆரம்பிக்கும்போது கேன்டீனைத் திறக்காதீர்கள். காபி வாசனை வந்தால் சபை எழும், தனி வாசிக்கும் இரண்டு பேரும் சபையின் முதுகைப் பார்த்து வாசிப்பார்கள். மங்களத்துக்குப் பிறகு திறந்தால் போதும்.

ஐந்தரைக்கட்டை எழுதியது:
தங்கும் அறை விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். இரவு ரயிலில் வந்து காலையில் இறங்குகிறவருக்கு அறை காலையிலேயே கிடைக்கணும், 12 மணிக்கு இல்லை. ஆளுக்கு ஒரு அறை. முகூர்த்த நாளில் மண்டபத்தோடு சேர்ந்த அறையைக் கொடுத்தால் நாதஸ்வரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் பகல் தூக்கம் போய்விடும். சாப்பாடு என்ன, எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பலர் கச்சேரிக்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். மேடையில் பிளாஸ்கில் வெந்நீர், பாட்டில் தண்ணீர் குளிர்ச்சி இல்லாமல். ஒன்பதரைக்குக் கச்சேரி முடியும்போது உங்கள் ஊரில் ஓட்டல் இருக்காது, அதனால் இட்லியோ உப்புமாவோ சூடாக எடுத்து வைத்திருங்கள்.

காவேரிக்கரை எழுதியது:
எல்லோருக்கும் மிக்க நன்றி. பாதிக்கு மேல் யோசித்தே பார்க்காதவை. சுருதியை எழுத்தில் அனுப்புவதையும் ரவைக் கிண்ணத்தையும் பட்டியலில் முதலில் எழுதிவிட்டேன். மூன்றாவது மாதம் மே, வீணைக் கச்சேரிக்கு ஒரு கலைஞர் ஒப்புக்கொண்டிருக்கிறார், காரில் வருகிறார். வீணைக்கு வேறு ஏதாவது?

தொப்பி எழுதியது:
மே மாதம் கார் என்றதும் பயமாக இருக்கிறது. வீணையின் 24 மெட்டுகளும் (தந்திக்கு அடியில் இருக்கும் குறுக்குப் பட்டைகள்) மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. வழியில் சாப்பிட நிறுத்தி, வெயிலில் பூட்டின காருக்குள் வீணையை விட்டால் மெழுகு இளகி மெட்டுகள் நகர்ந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, வாசித்தால் காந்தாரமும் நிஷாதமும் பிசகும். அதைச் சரி செய்யக் கைதேர்ந்தவர் வேண்டும், மாலைக்குள் ஆகாது. சாப்பிடப் போனால் வீணையும் கூட இறங்கட்டும், இல்லையேல் ஒருவர் ஏசியைப் போட்டுக்கொண்டு காரிலேயே இருக்கட்டும்.

சுருதி பெரும்பாலும் 2½, 3 கட்டை. மிருதங்க வித்வானுக்கு இதைச் சொல்லுங்கள், 'ஆண் பாடகர் மாதிரி' என்று நினைத்து ஒரு கட்டை வாத்தியத்தோடு வந்துவிடப் போகிறார்.

மிக்ஸர்மேசை எழுதியது:
கலைஞர் ஒட்டு மைக் கொண்டு வருகிறாரா என்று கேளுங்கள். அது கூவாது, ஆனால் நாதம் கம்பி மாதிரி ஒல்லியாக வரும். அதையும், குடத்தின் பலகைக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி ஒரு சாதா மைக்கையும் சேர்த்து எடுங்கள். ஒட்டு மைக்கை மானிட்டருக்கும் சாதா மைக்கைச் சபைக்கும் அதிகமாகக் கொடுங்கள். வீணையின் கார்வை (நீண்டு ஒலிக்கும் நாதம்) கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்கிறதா என்று சவுண்ட் செக்கின்போது நீங்களே அங்கே போய் உட்கார்ந்து கேளுங்கள். மேசைக்குப் பக்கத்தில் கேட்பது கணக்கில் இல்லை.